படைத்துறை வேவு ஹெலிகாப்டர்களின் வளர்ச்சி

வேவு ஹெலிகாப்டர் என்பது, எதிரி எங்கே இருக்கிறான், எவ்வளவு பலத்துடன் இருக்கிறான், எந்தத் திசையில் நகர்கிறான் என்பதைக் கண்டறிந்து தன் படைக்குத் தெரிவிக்கப் பயன்படும் சிறிய, எடை குறைந்த ராணுவ ஹெலிகாப்டர் (உலங்கு வானூர்தி) ஆகும். தாக்குதல் ஹெலிகாப்டரின் முதல் வேலை சுடுவது. வேவு ஹெலிகாப்டரின் முதல் வேலை பார்ப்பது. நன்றாகப் பார்க்க வேண்டுமானால் அருகில் போக வேண்டும். அருகில் போனால் எதிரியின் குண்டுக்கு இலக்காக வேண்டும். இந்தச் சிக்கலுக்கு விடை தேடிய வரலாறே வேவு ஹெலிகாப்டரின் வரலாறு. அதை மிகத் தெளிவாகக் காட்டுவது அமெரிக்கத் தரைப்படையின் அனுபவம்.

முன்னோடிகள்

உயரத்திலிருந்து போர்க்களத்தைப் பார்க்கும் முயற்சி ஹெலிகாப்டருக்கு மிகவும் முந்தையது. 1794-இல் ஃப்ளூரஸ் போரில் பிரெஞ்சுப் படை, கயிற்றால் கட்டப்பட்ட பலூனில் ஆளை ஏற்றி எதிரியின் நகர்வைக் கவனித்தது. முதல் உலகப் போரில் இந்த வேலையை விமானங்களும் செய்தன. இரண்டாம் உலகப் போரில் பைப்பர் எல்-4 போன்ற சிறு விமானங்கள், பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்து வானொலி வழியே திருத்தம் சொல்லின.

ஆனால் விமானத்தால் ஓரிடத்தில் நிற்க முடியாது. இறங்குவதற்கு ஓடுபாதையோ சமமான நிலமோ தேவை. ஹெலிகாப்டருக்கு இந்த இரண்டு குறைகளும் இல்லை. மரக்கூட்டத்தின் பின்னால் அந்தரத்தில் நின்று எட்டிப் பார்க்கலாம். சிறு வெளியில் இறங்கலாம்.

கொரியப் போரில் (1950–1953) அமெரிக்கா பயன்படுத்திய எச்-13 சூ, பெல் 47 என்ற பொதுப் பயன்பாட்டு ஹெலிகாப்டரின் ராணுவ வடிவம். குமிழி போன்ற கண்ணாடி முகப்பு கொண்ட இது, காயம்பட்டவர்களை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதால் பெயர் பெற்றது. கண்காணிப்புக்கும் இதுவும் ஹில்லர் நிறுவனத்தின் எச்-23 ரேவனும் பயன்பட்டன. இரண்டிலும் இருந்தது பிஸ்டன் எஞ்சின். அதன் எடை அதிகம், ஆற்றல் குறைவு. வேகமும் சுமக்கும் திறனும் அதனால் மட்டுப்பட்டன.

டர்பைன் எஞ்சினும் 1960-ஆம் ஆண்டுப் போட்டியும்

1955-இல் முதன்முதலாகப் பறந்த பிரான்சின் அலூவெட் 2, எடை குறைந்த டர்பைன் எஞ்சின் சிறிய ஹெலிகாப்டருக்கும் பொருந்தும் என்று காட்டியது. 1960-இல் அமெரிக்கத் தரைப்படை, பழைய ஹெலிகாப்டர்களுக்கும் சிறு கண்காணிப்பு விமானங்களுக்கும் மாற்றாக டர்பைன் எஞ்சின் கொண்ட ஓர் இலகுரகக் கண்காணிப்பு ஹெலிகாப்டரைக் கேட்டது. பெல், ஹில்லர், ஹியூஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் மாதிரிகள் இறுதிச் சுற்றில் சோதிக்கப்பட்டன. 1965-இல் ஹியூஸ் நிறுவனத்தின் ஓஎச்-6 கயூஸ் வென்றது.

அடக்கவிலைக்கும் கீழே விலை சொல்லித்தான் ஹியூஸ் வென்றது. பின்னர் விலையை உயர்த்த முயன்றபோது தரைப்படை போட்டியை மீண்டும் திறந்தது. முதல் சுற்றில் தோற்ற பெல் நிறுவனம், இதற்குள் தன் மாதிரியைச் சீர்திருத்தி ஜெட்ரேஞ்சர் என்ற பெயரில் பொதுச் சந்தையில் விற்றுக்கொண்டிருந்தது. அதே வடிவமைப்பைக் கொண்டு 1968-இல் அது வென்றது. அதுவே ஓஎச்-58 கயோவா.

வியட்நாம்: தூண்டிலில் கட்டிய இரை

வியட்நாம் போரில் 'லோச்' என்று வீரர்கள் அழைத்த ஓஎச்-6, காட்டு மரங்களின் உச்சியை உரசுவது போலப் பறந்தது. விமானியும் உடன் இருந்தவர்களும் கால்தடம், சமையல் புகை, புதிதாகத் தோண்டிய மண் ஆகியவற்றை வெறுங்கண்ணால் தேடினார்கள். மேலே கோப்ரா தாக்குதல் ஹெலிகாப்டர் காத்திருக்கும். கீழே பறப்பதைப் பார்த்து எதிரி சுட்டால், அவன் இருக்குமிடம் தெரிந்துவிடும். உடனே லோச் புகைக்குண்டை வீசி அடையாளம் காட்டி விலக, கோப்ரா தாக்கும். வேவுப் பிரிவுக்கு வெள்ளை, தாக்குதல் பிரிவுக்குச் சிவப்பு என்று அடையாளப் பெயர் இருந்ததால், இரண்டும் சேர்ந்த குழு 'இளஞ்சிவப்புக் குழு' எனப்பட்டது.

இந்த முறையில் வேவு ஹெலிகாப்டர் கண்ணாக மட்டும் இருக்கவில்லை, இரையாகவும் இருந்தது. கட்டப்பட்ட சுமார் 1,400 ஓஎச்-6 ஹெலிகாப்டர்களில் 800-க்கும் மேற்பட்டவை வியட்நாமில் அழிந்தன. அதன் முட்டை வடிவ உடல் விழுந்தாலும் எளிதில் நசுங்காதது என்பதால், உள்ளே இருந்தவர்கள் பலர் உயிர் தப்பினர்.

தாழப் பறந்த கண்கள் வேறொன்றையும் கண்டன. 1968 மார்ச் 16 அன்று மை லாய் கிராமத்தின் மேல் ஓஎச்-23 ஹெலிகாப்டரில் வேவு பார்த்துக்கொண்டிருந்த ஹியூ தாம்சன், அமெரிக்கப் படையினர் ஆயுதமில்லாத கிராமத்தாரைக் கொல்வதைக் கண்டார். படையினருக்கும் கிராமத்தாருக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். படையினர் கிராமத்தாரைச் சுட்டால் அவர்களையே திருப்பிச் சுடும்படி தன் குழுவினர் லாரன்ஸ் கோல்பர்ன், கிளென் ஆண்ட்ரியோட்டா இருவரிடமும் சொன்னார். சிலரை வேறு ஹெலிகாப்டர்களில் ஏற்றி அனுப்பினார். நடந்ததை மேலதிகாரிகளிடம் புகார் செய்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1998-இல், மூவருக்கும் 'சோல்ஜர்ஸ் மெடல்' வழங்கப்பட்டது. ஆண்ட்ரியோட்டா 1968 ஏப்ரலிலேயே போரில் இறந்திருந்தார்.

மரத்தின் பின்னால் மறைந்து பார்த்தல்

1973 அக்டோபரில் நடந்த அரபு–இஸ்ரேல் போர், தரையிலிருந்து ஏவும் சோவியத் ஏவுகணைகளின் வலிமையைக் காட்டியது. ஐரோப்பாவில் போர் மூண்டால் லோச் பறந்த முறையில் பறந்து உயிர் தப்ப முடியாது என்பது தெளிவாயிற்று. இனிப் பார்க்க வேண்டும். ஆனால் பார்க்கப்படக் கூடாது.

இதற்கு விடையாக வந்தது ஓஎச்-58டி. 1983-இல் முதன்முதலாகப் பறந்த இதன் சுழல் விசிறிக்கு மேலே, பந்து போன்ற கருவி ஒன்று பொருத்தப்பட்டது. அதில் தொலைக்காட்சிக் கேமரா, இருளிலும் காணும் வெப்பப் படக்கருவி, தொலைவை அளந்து இலக்கைக் குறிக்கும் லேசர் ஆகியவை இருந்தன. ஹெலிகாப்டர் முழுவதும் மரங்களுக்குப் பின்னால் மறைந்திருக்க, அந்தப் பந்து மட்டும் வெளியே தெரியும். பிறகு ஏவுகணைகளும் இயந்திரத் துப்பாக்கியும் சேர்ந்து 'கயோவா வாரியர்' ஆனது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காலாட்படையோடு நெருங்கிச் செயல்பட்டது.

பிரிட்டனும் பிரான்சும் கசெல் ஹெலிகாப்டரையும், மேற்கு ஜெர்மனி பிஓ-105-ஐயும் இதே பணிக்குப் பயன்படுத்தின. ஜப்பான் 1996-இல் ஓஎச்-1 என்ற தன் சொந்த வேவு ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டது. இந்தியாவில், பிரான்சின் லாமா வடிவமைப்பில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் தயாரித்த சீட்டா, சியாச்சின் போன்ற உயரமான இடங்களில் கண்காணிப்புடன் பொருள் கொண்டு செல்லவும் காயம்பட்டோரை மீட்கவும் பயன்படுகிறது.

கைவிடப்பட்ட வாரிசுகள்

கயோவாவுக்கு வாரிசு தேடிய அமெரிக்கா மூன்று முறை தோற்றது. ரேடாருக்கு எளிதில் சிக்காத ஆர்ஏஎச்-66 கமாஞ்சி 1996-இல் பறந்தது. சுமார் 690 கோடி டாலர் செலவான பின், இரண்டே மாதிரிகளுடன் 2004-இல் அது கைவிடப்பட்டது. அடுத்து வந்த ஏஆர்எச்-70 திட்டம் விலை ஏறியதாலும் காலதாமதத்தாலும் 2008-இல் நின்றது. கயோவா வாரியர் 2017-இல் அமெரிக்கத் தரைப்படையிலிருந்து விடைபெற்றது. அதன் வேலையை அப்பாச்சி தாக்குதல் ஹெலிகாப்டர்களும் ஆளில்லா விமானங்களும் பகிர்ந்துகொண்டன. 2018-இல் தொடங்கிய மூன்றாவது திட்டமும் 2024 பிப்ரவரியில் ரத்தானது. உக்ரைன் போரில் மலிவான டிரோன்கள் செய்த வேலையைக் கண்டதே முக்கியக் காரணம். ஜப்பானும் தன் கண்காணிப்பு ஹெலிகாப்டர்களுக்குப் பதிலாக ஆளில்லா விமானங்களைக் கொண்டுவர 2022 டிசம்பரில் முடிவு செய்தது.

மதிப்பீடு

பார்க்கும் கண்ணை ஆபத்திலிருந்து விலக்குவதே இந்த வளர்ச்சியின் திசை. லோச்சில் அது விமானியின் சொந்தக் கண். கயோவாவில் விசிறிக்கு மேலே வைத்த கருவி. டிரோனில் பார்ப்பவர் பல கிலோமீட்டர் தள்ளி, ஒரு திரையின் முன் இருக்கிறார். இதனால் விமானிகளின் உயிர் காக்கப்படுகிறது. வியட்நாம் இழப்புகளோடு ஒப்பிட்டால் அது சிறிய ஆதாயம் அல்ல. ஆனால் மை லாயில் தாம்சன் கண்டதோடு நிற்கவில்லை. அங்கேயே இறங்கித் தடுக்கவும் அவரால் முடிந்தது. தொலைவிலிருந்து பார்க்கும் கருவிக்கு அப்படி இறங்க வழியில்லை. வேவு ஹெலிகாப்டர் மறைந்துவரும் இன்று, அதன் வரலாறு விட்டுச்செல்லும் கேள்வி இதுவே.