அருளும் முயற்சியும்: பெலாஜியஸ் வழக்கின் உட்பொருள்

கிறித்தவ சமயம் மாந்தனை நல்லொழுக்கத்தில் உயர்த்துதற்கு அமைந்ததொரு கருவியே என்பார் உளர். இக்கருத்துப் புதியதன்று. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது திருச்சபையின்முன் வழக்காக எழுந்தது. அவ்வழக்கின் உட்பொருளை ஈண்டு ஆராய்வோம்.

பிரித்தானியரான பெலாஜியஸ் உரோமை நகரில் வாழ்ந்த துறவுநெறியாளர். பெயரளவிற் கிறித்தவராயிருந்தோரின் ஒழுக்கத் தளர்ச்சி அவர் உள்ளத்தை வருத்தியது. இறைவன் கட்டளையிடுவதைச் செய்யும் ஆற்றலையும் அவனே அருளல் வேண்டும் என அகுஸ்தீனார் தம் ‘அறிக்கைகள்’ நூலில் வேண்டியிருந்தார். அதனைக் கேட்டுப் பெலாஜியஸ் பொறாராயினார் என்பதை அகுஸ்தீனாரே பின்னர்க் குறித்துள்ளார். கி.பி. 410இல் கோத்தியர் உரோமையைச் சூறையாடிய காலத்தில் பெலாஜியஸ் ஆப்பிரிக்கா சென்று, பின் பாலத்தீனம் அடைந்தார். துறவு மேற்கொண்ட தெமேத்திரியாள் என்னும் உயர்குடிக் கன்னிக்கு எழுதிய மடலில், அறம் உரைக்குமிடத்து மாந்த இயல்பின் ஆற்றலையே முதற்கண் காட்டுவது தம் வழக்கம் என்கின்றார்.

அவர் அருளை மறுத்தவரல்லர். ஆயின், இயற்கையாய் அமைந்த விருப்புரிமை, இறைச்சட்டம், கிறித்துவின் போதனையும் முன்மாதிரியும், பாவமன்னிப்பு ஆகியவற்றையே அருளெனக் கொண்டார். நன்மையை அறிந்தும் அதனை விரும்பமாட்டா நெஞ்சின் பிளவினைத் தம் வாழ்வில் உணர்ந்த அகுஸ்தீனாருக்கு இது போதாதாயிற்று. வழிகாட்டும் ஆசிரியன் மட்டுமன்று, நோய்தீர்க்கும் மருத்துவனும் வேண்டும் என்பது அவர் கொள்கை.

கி.பி. 415இல் தியோஸ்போலிசில் கூடிய மன்றம் பெலாஜியசைக் குற்றமற்றவர் என விடுத்தது. 418இல் கார்த்தேசு மன்றம் அவர் கொள்கையைக் கண்டித்தது. பாவமன்னிப்புக் கோரும் மன்றாட்டைப் புனிதரும் தமக்காகவே, உண்மையாகவே சொல்கின்றனர் என அம்மன்றம் வரையறுத்தமை நோக்கத்தக்கது. தன்னைத் தானே நிறைவாக்கிக்கொள்வது சமயமாயின் அம்மன்றாட்டு வெற்றுச் சொல்லாய் முடியும். வலியற்றார்க்கு அச்சமயத்தில் இடமும் இராது.

அங்ஙனமாயின் முயற்சி எதற்கு? கண்டித்துத் திருத்துவதாற் பயன் யாது? அத்ருமேத்தம் நகர்த் துறவியரிடையே இவ்வையம் எழுந்தது. அருள் முயற்சியை அழிப்பதன்று, அதனைப் பிறப்பிப்பது என்னும் கருத்துப்பட அகுஸ்தீனார் விடை எழுதினார். அவ்விடையால் ஐயம் முற்றும் நீங்கிற்றில்லை; கி.பி. 529இல் ஆரஞ்சு மன்றம் கூடுங்காறும் வழக்கு நீண்டது.

இருவரும் ஒழுக்கத்தைப் போற்றியவரே. ஒருவர்க்கு அது சமயத்தின் குறிக்கோள். மற்றவர்க்கு இறையன்பில் விளையும் கனி. குறிக்கோள் இறைவனோடு ஒன்றுதலேயாம் என்பதே இவ்வழக்கு நமக்கு உணர்த்தும் முடிபு.