பழைய ஜன்னல் கொக்கியை எடைக்குப் போடும் முன் இதைப் படிங்க!

திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கம் ஒரு தொட்டிக்கட்டு வீட்டை இடிக்கிறாங்கன்னா என்ன நடக்கும்? தேக்கு நிலை, கதவு, தூண் எல்லாத்துக்கும் தனி விலை. ஓடு தனி விலை. கடைசியா மிஞ்சுற ஜன்னல் கம்பி, கீல், கொக்கி, தாழ்ப்பாள், குமிழ் எல்லாம் ஒரு சாக்குல கட்டி நேரா பழைய இரும்புக் கடைக்குப் போயிடும். அங்கே அதுக்கு ஒரே ஒரு அடையாளம்தான்: எத்தனை கிலோ?

ஆனா, அகழாய்வுக் குழியில உட்கார்ந்திருக்கிற ஆய்வாளருக்கு, அந்தச் சாக்குல இருக்கிற மாதிரி ஒரு துருப்பிடிச்ச ஆணி கிடைச்சாலே பெரிய விஷயம். ஏன்னா, 2,000 வருஷத்துக்கு முந்தைய வீட்டுல கதவு இருந்துச்சா, ஜன்னல் இருந்துச்சா, கூரை எப்படி நின்னுச்சுன்னு சொல்ல, பல நேரம் இந்த மாதிரி சின்ன உலோகத் துண்டுதான் சாட்சி. அந்தச் சாட்சிகளைப் பத்தியும், உங்க பாட்டி வீட்டு ஜன்னல்ல என்ன பார்க்கணும்ங்கிறது பத்தியும் ஒரு ரவுண்டு பார்ப்போம்.

ஜன்னல்னு சொல்றதே போர்ச்சுகீசியம்!

முதல்ல பேர்ல இருந்து ஆரம்பிப்போம். 'ஜன்னல்' தமிழ்ச் சொல் இல்லை. போர்ச்சுகீசிய 'ஜனெலா'விலிருந்து வந்தது. அதே கப்பல்ல வந்ததுதான் 'சாவி'யும், கம்பித் தடுப்பைச் சொல்ற 'கிராதி'யும்.

அதுக்காக, போர்ச்சுகீசியர் வர்ற வரை நம்ம வீடுகள்ல ஜன்னலே இல்லைன்னு அர்த்தம் இல்லை. சாளரம், பலகணி, காலதர்னு நம்மகிட்ட ஏற்கெனவே பல பேர் இருந்துச்சு. 'கால்' என்றால் காற்று, 'அதர்' என்றால் வழி. காற்று வர்ற வழிதான் காலதர். புகார் நகரத்து மாளிகைகளில் மானின் கண் போன்ற துளைகளோடு சாளரம் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லுது.

அப்படின்னா அந்த ஜன்னல் எல்லாம் எங்கே?

மக்கிப் போச்சு. ஜன்னல் இருக்கிறது சுவரோட மேல் பாதியில. வீடு விழும்போது முதல்ல விழுறதும் அந்தப் பாதிதான். அகழாய்வுல பெரும்பாலும் கிடைக்கிறது தரையும், அடித்தளமும், கொஞ்சம் சுவரும். மரம் நம்ம ஊர் வெயில், மழை, கரையான் மூணையும் தாண்டி நிக்காது. மண் சுவர் கரைஞ்சு மண்ணோட மண்ணா ஆயிடும்.

மிஞ்சுறது உலோகம் மட்டும்தான். அதுலயும் பெரும்பகுதி மிஞ்சாது. ஏன்னா, இரும்பும் பித்தளையும் எந்தக் காலத்துலயும் காசு. வீட்டைக் காலி பண்றவங்க கழட்டி எடுத்துட்டுப் போவாங்க. கொல்லர் உருக்கி அரிவாளோ கொழுவோ அடிப்பார். பழைய இரும்பு வியாபாரம் இன்னிக்கு நேத்து ஆரம்பிச்சது இல்லை. அதனால, மண்ணுக்குள்ள நமக்குக் கிடைக்கிறது தப்பிச்சு விழுந்த சில துண்டுகள் மட்டும்தான்.

நம்ம பக்கத்து ஊர் கொடுமணல்

இரும்புன்னு சொன்னா, திருப்பூர்க்காரங்க ரொம்ப தூரம் போக வேண்டாம். அதே நொய்யல் ஆற்றங்கரையில, ஈரோடு மாவட்டத்துல இருக்கு கொடுமணல். பதிற்றுப்பத்துல 'கொடுமணம்'னு வர்ற ஊர் இதுதான்னு ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுறாங்க. 1980-களில் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு நடத்துச்சு. அதுக்கப்புறம் தமிழ்நாடு தொல்லியல் துறையும், பேராசிரியர் கா.ராஜன் தலைமையில் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் தோண்டினாங்க.

கிடைச்சது என்ன? இரும்பு உருக்கிய உலைகள், உலைக் கழிவு, வாள், கத்தி, அம்பு முனைன்னு ஒரு முழு தொழில் நகரம். இரும்புத் தாது சென்னிமலைப் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம்னு கருதுறாங்க. தமிழி எழுத்து பொறிச்ச பானை ஓடுகள் மட்டும் நூற்றுக்கணக்கில். கி.மு. 5ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே இங்கே ஊர் சுறுசுறுப்பா இருந்திருக்கு. நூல் நூற்கும் தக்களியோட சுடுமண் வட்டுகளும் கிடைச்சிருக்கு. நூலும் இரும்பும் சேர்ந்தே ஓடின ஊர்னு சொல்லலாம்.

ஆனா, இவ்வளவு இரும்பு தெரிஞ்ச ஊர்ல வீடுகள் எப்படி இருந்துச்சு? தரையில மரக்கம்பம் நட்ட குழிகள் தெரியுது. கம்பமும் இல்லை, சுவரும் இல்லை. குழி மட்டும் இருக்கு. ஜன்னல் எந்தப் பக்கம் திறந்துச்சுன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது.

கீழடியில ஆணி, பாட்டுல கதவு

மதுரை பக்கத்துல கீழடியில கதை கொஞ்சம் தெளிவாகுது. செங்கல் கட்டுமானம், கூரை ஓடு, இரும்பு ஆணி எல்லாம் அங்கே கிடைச்சிருக்கு. ஓடுகளில் துளையும், தண்ணி வழிஞ்சு ஓட விரலால் இழுத்த பள்ளமும் இருக்கு. இதையெல்லாம் சேர்த்து வச்சுத்தான், மரச்சட்டம் அடிச்சு அதுமேல ஓடு வேய்ஞ்ச வீடுகள் இருந்திருக்கணும்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. மரச்சட்டத்துல ஒரு சில்லு கூட மிஞ்சலைன்னாலும், ஆணி இருக்கிறதால அங்கே மரவேலை இருந்ததுன்னு தெரியுது.

இதுக்குத் துணையா ஒரு பாட்டு இருக்கு. பத்துப்பாட்டுல ஒண்ணான நெடுநல்வாடை, நக்கீரர் பாடினது, பாண்டியன் அரண்மனையை விவரிக்குது. அதுல வர்ற வாசல்ல இரட்டைக் கதவு, கனமான இரும்பால் பிணைச்சது, செவ்வரக்கு பூசினது, இடைவெளி இல்லாம கைதேர்ந்த தச்சன் பொருத்தினது. இன்னிக்கு ஒரு கார்பெண்டர்கிட்ட சொன்னா புரியுற அளவுக்கு விவரம். பாட்டு கதவைச் சொல்லுது. மண்ணு ஆணியைக் கொடுக்குது. ரெண்டையும் சேர்த்துப் படிச்சாத்தான் வீடு கண்ணுக்குத் தெரியும்.

சோழர் மாளிகையில மிஞ்சினது என்ன?

ஆயிரம் வருஷம் தள்ளி வருவோம். ராஜேந்திர சோழனின் தலைநகரமான கங்கைகொண்ட சோழபுரம், அரியலூர் மாவட்டம். கோயில் இன்னும் கம்பீரமா நிக்குது. ஏன்னா அது கல். ஆனா ராஜா வாழ்ந்த மாளிகை? அது இருந்த இடம் மாளிகைமேடு. 1980-களிலிருந்து தொல்லியல் துறை அங்கே பல கட்டமா தோண்டியிருக்கு. கிடைக்கிறது செங்கல் சுவர்களோட அடிப்பாகம், கூரை ஓடுகள், சீனப் பீங்கான் துண்டுகள், அப்புறம் ஏராளமான இரும்பு ஆணிகள்.

கடல் தாண்டிப் படை அனுப்பின ராஜாவோட வீட்டுக் கூரைக்கும் கதவுக்கும் இன்னிக்கு நம்மகிட்ட இருக்கிற நேரடி ஆதாரம், துருப்பிடிச்ச ஆணிகளும் ஓட்டுத் துண்டுகளும்தான்.

வெளியூர்ல நிலைமை எப்படி?

இன்றைய பாகிஸ்தான்ல இருக்கிற தட்சசீலத்துல 1913 முதல் ஜான் மார்ஷல் இருபது வருஷத்துக்கு மேல அகழாய்வு செஞ்சார். அங்கே கீல், சங்கிலி, சாவின்னு வீட்டுக் கதவுக்கான இரும்புச் சாமான்கள் வகை வகையா வந்துச்சு. அவர் அதையெல்லாம் ஒவ்வொண்ணா பட்டியல் போட்டு 1951-ல புத்தகமா வெளியிட்டார். எந்த அடுக்குல எந்த சாமான் கிடைச்சதுன்னு குறிச்சு வச்சதாலதான், பின்னாடி வந்த ஆய்வாளர்கள் அதை வேற ஊர்க் கண்டுபிடிப்புகளோட ஒப்பிட முடியுது.

ரோமானிய உலகத்துல இன்னும் ஒரு படி மேல. எரிமலைச் சாம்பல்ல மூடின பாம்பேயில ஜன்னல் இரும்புக் கிராதிகள் சுவரோடவே கிடைச்சிருக்கு. பிரிட்டன்ல ரோமானியர் காலத்து மாளிகைகளில், கம்பிகள் குறுக்கே போற இடத்துல நட்சத்திரம் மாதிரி கூர்முனை வச்ச கிராதிகள் கிடைச்சிருக்கு. திருடன் கையை விட்டா கிழிக்கும். நம்ம காம்பவுண்டு சுவர்ல கண்ணாடித் துண்டு பதிக்கிறோமே, அதே ஐடியா!

இங்கிலாந்து, வேல்ஸ்ல பொதுமக்கள் வயல்ல, தோட்டத்துல கண்டெடுக்கிற பழைய பொருள்களைப் பதிவு செய்யறதுக்குன்னே 1997 முதல் ஒரு திட்டம் நடக்குது. இதுவரை 15 லட்சத்துக்கும் அதிகமான பொருள்கள் அதுல ஏறியிருக்கு. தங்கக் காசு மட்டும் இல்லை. சாவி, கீல், ஜன்னல் கண்ணாடியைப் பிடிச்சிருந்த ஈயப் பட்டை வரைக்கும் பதிவாகுது.

உங்க வீட்டு ஜன்னலுக்கு என்ன வயசு?

இப்போ உங்க டர்ன். ஊர்ல பழைய வீடு இருந்தா போனை எடுத்துட்டு ஜன்னல் பக்கத்துல போங்க. நாலு விஷயம் பாருங்க.

ஆணி: உடம்பு சதுரமா, கீழே போகப் போகக் குறுகி, தலை ஒழுங்கில்லாம இருந்தா, அது கொல்லர் கையால அடிச்சது. உடம்பு முழுக்க ஒரே தடிமன்ல உருண்டையா இருந்தா, மெஷின்ல கம்பியை வெட்டிச் செஞ்சது. அந்த வகை பரவினது 19ஆம் நூற்றாண்டோட பிற்பகுதியிலதான்.

ஸ்குரு: முனை மொட்டையா இருந்தா ரொம்பப் பழசா இருக்க வாய்ப்பு உண்டு. கூர்முனை வச்ச மெஷின் ஸ்குரு 19ஆம் நூற்றாண்டு நடுவுலதான் பரவலாச்சு. தலையில பிளஸ் குறி இருந்தா, 1930-களுக்கு முன்னாடி போகவே முடியாது.

இணைப்பு: கம்பியும் பட்டையும் சேர்ற இடத்துல ரிவெட் அடிச்சிருக்கா, பட்டையில துளை போட்டுக் கம்பியை நுழைச்சிருக்கா? அப்படின்னா பட்டறை வேலை. வெல்டிங் தழும்பு தெரிஞ்சா அது 20ஆம் நூற்றாண்டு.

எழுத்து: கீல், தாழ்ப்பாள் மேல கம்பெனி பேர், நாட்டுப் பேர், நம்பர் ஏதாவது அச்சாகியிருக்கலாம். பெயின்ட் அடுக்குக்குக் கீழே ஒளிஞ்சிருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சுப் பார்த்தா தெரியும்.

ஒரு எச்சரிக்கை: ஒரே ஒரு அடையாளத்தை வச்சு வயசைச் சொல்லாதீங்க. பழைய தாழ்ப்பாளைக் கழட்டிப் புது ஜன்னல்ல மாட்டுறது எல்லா ஊர்லயும் உண்டு. வீட்டுப் பத்திரம், பெரியவங்க சொல்ற கதை, மர வேலை எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க.

சட்டம் என்ன சொல்லுது?

இதைப் பலரும் கவனிக்கிறது இல்லை. 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, 100 வருஷத்துக்குக் குறையாத பழமை இருந்தா அது தொல்பொருள் ஆகலாம். அந்தப் பட்டியல்ல, ஒரு கட்டடத்திலிருந்து கழட்டி எடுத்த பொருளும் வருது. தொல்பொருளைத் தனிநபர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அதை வியாபாரமா விற்க லைசென்ஸ் வேணும். ஆன்லைன்ல 'ஆன்டிக்'னு போட்டு வெளிநாட்டுக்குப் பார்சல் பண்றவங்க இதை யோசிக்கணும்.

மண்ணுக்கு அடியில புதைஞ்சு கிடைச்சா விஷயம் வேற. அதுக்கு 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இருக்கு. 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்கணும். நடைமுறையில வி.ஏ.ஓ. அல்லது தாசில்தார் ஆபீஸ்ல சொன்னா, அங்கிருந்து மேலே போகும்.

நீங்க செய்ய வேண்டியது

* கழட்டும் முன்னாடி போட்டோ: ஜன்னல் முழுசா ஒண்ணு, கொக்கி, கீல் தனித்தனியா ஒண்ணு. பக்கத்துல ஒரு ஸ்கேல் வையுங்க. உள்பக்கம், வெளிப்பக்கம் ரெண்டும் வேணும்.
* சீட்டு எழுதுங்க: எந்த ஊர், எந்த வீடு, எந்த அறை, எந்தப் பக்கச் சுவர், என்ன தேதி. இடம் தெரியாத கொக்கி வெறும் இரும்புதான்.
* பேரைக் கேளுங்க: கொண்டி, நாதாங்கி, குமிழ்னு ஒவ்வொண்ணுக்கும் உங்க ஊர்ல ஒரு பேர் இருக்கும். வீட்டுப் பெரியவங்களையும் உள்ளூர் ஆசாரியையும் கேட்டு அந்தச் சொல்லையும் சீட்டுல எழுதிடுங்க.
* தேய்க்காதீங்க: உப்புத்தாள், ஆசிட், புளி எதுவும் வேண்டாம். துருவோட சேர்ந்து கருவித் தடமும் எழுத்தும் போயிடும். பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம். தேய்க்கும்போது அந்தத் தூசி உடம்புக்குக் கெடுதல்.
* ஈரம் படாம வையுங்க: காய்ஞ்ச துணியால துடைச்சு, டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வச்சா போதும். பித்தளை, வெண்கலத்துல வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தா, அதைத் தனியா எடுத்து வச்சு, மியூசியத்துல இருக்கிறவங்ககிட்ட கேளுங்க.
* தோண்டும்போது கிடைச்சா நிறுத்துங்க: அஸ்திவாரம், போர்வெல், செப்டிக் டேங்க் எதுவா இருந்தாலும் சரி. பொருளை எடுக்கும் முன்னாடி அது கிடக்கிற இடத்தோட போட்டோ எடுத்துட்டுத் தகவல் சொல்லுங்க.

எல்லாத்தையும் எடுத்து வீட்டுல அடுக்கி வைக்கணும்னு யாரும் சொல்லலை. புது வீடு கட்டுறது, கம்பெனிக்கு இடத்தை விடுறது எல்லாம் அவங்கவங்க தேவை. ஜன்னல்ல ஒரு ஜோடி கீலும், ஒரு கொக்கியும், பத்துப் போட்டோவும், ஒரு சீட்டும் மிஞ்சினாலே போதும். மிச்சத்தைத் தாராளமா எடைக்குப் போடலாம்.

கொடுமணல் வீடுகளோட ஜன்னலை யாரும் வரைஞ்சு வைக்கலை, எழுதி வைக்கலை. அதனால அது நமக்குத் தெரியாமலே போச்சு. நம்ம தாத்தா வீட்டு ஜன்னலுக்கு அந்த நிலைமை வர வேண்டிய அவசியம் இல்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, வீடு நிக்கும்போதே அந்தப் பத்துப் போட்டோவை எடுத்துடுங்க.