குளிர்த்தி பெறும் கண்ணகி

வைகாசித் திங்களிலே மட்டக்களப்புப் பகுதியின் ஊர்கள் பலவற்றிற் கண்ணகையம்மன் சடங்கு நிகழும். கதவு திறத்தலோடு தொடங்கும் சடங்கிலே கலியாணக்கால் நாட்டுவர். ‘கண்ணகி வழக்குரை’ என்னும் காவியத்தைப் பாடுவர். பூரணையை அடுத்துக் குளிர்த்தியோடு நிறைவு செய்வர்.

குளிர்த்தி என்பது யாது? மதுரையை எரித்த கண்ணகியின் சினம் ஆறும்பொருட்டு, நீரும் வேப்பிலையும் கொண்டு அவளைக் குளிர்விக்கும் வழிபாடே அது. அவள் குளிர்ந்தால் மழை பொழியும், அம்மை முதலிய நோய்கள் நீங்கும் என்பது மக்கள் நம்பிக்கை.

இவ்வழிபாடு ஈழத்திற்கு வந்தது எவ்வாறு? சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவில் இலங்கை வேந்தன் கயவாகுவும் இருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறும். சிங்கள மக்களும் அவளைப் பத்தினித் தெய்வம் எனப் போற்றுகின்றனர். ஆக, இரு மொழியாரும் வணங்கும் தெய்வம் அவள்.

எனினும், அவ்வழிபாடு எங்கும் ஒரே நிலையில் நிலைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டிலே ஆறுமுக நாவலர் (1822–1879) முன்னின்று நடத்திய சைவ மறுமலர்ச்சி ஆகம நெறிக்கு முதன்மை தந்தது. கண்ணகி வழிபாட்டை அவர் ஏற்றாரல்லர். காலப்போக்கில், யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோவில்கள் பல இராஜராஜேஸ்வரி முதலான பெயர்களைப் பெற்றன. கோவில் அழியவில்லை, பூசையும் ஒழியவில்லை. ஆனால், அரசனிடம் நீதி கேட்ட வணிகர் குலப் பெண்ணின் வரலாறு அப்பெயர்களினூடே மறைந்தது. வன்னியில் வற்றாப்பளையும் கிழக்கில் மட்டக்களப்பும் அவளைக் கண்ணகியாகவே போற்றி வந்தன.

சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் முழுமையாக அச்சேற்றியது 1892ஆம் ஆண்டிலேதான். கிழக்கிலங்கை மக்களோ அச்சு நூலுக்குக் காத்திருந்தாரல்லர். ஏட்டைப் பார்த்துப் பாடுவோர் வாயிலாக, எழுத்தறியாதாரும் அவள் வழக்கை ஆண்டுதோறும் கேட்டனர். அதே 1892இல், கண்ணகையம்மன் கோவில் கொண்ட காரைதீவிலே பிறந்தவர் விபுலாநந்த அடிகள். சிலப்பதிகார அரங்கேற்று காதையின் இசைநுட்பங்களை ஆராய்ந்து, 1947இல் ‘யாழ் நூல்’ தந்தவர் அவரே.

குளிர்த்தி அவள் சினத்தைத் தணிப்பது உண்மையே. ஆயினும், அதற்கு முன்னர் அவள் வழக்கு முழுவதையும் ஊரார் கேட்கின்றனர். நீதி கேட்டவளின் சொல்லைச் செவிமடுத்த பின்னரே அவளை ஆறுக என்று வேண்டுகின்றனர். இம்முறையே சடங்கின் உயிர். இதனை மறவாதிருத்தல் நம் கடன்.