'ஐ7 கேமிங் பிசி, வெறும் 20,000 ரூபாய்!' - பார்ட்ஸ் வாங்கப் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

"ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கலர் கலரா லைட் எரியுற கேபினெட். எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய்தான் ப்ரோ!"

இப்படி ஒரு ரீல்ஸ் உங்க கண்ணுலயும் பட்டிருக்கும். சொல்வதில் பொய் எதுவும் இருக்காது. சொல்லாமல் விட்டதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த ஐ7 பெரும்பாலும் 2600 அல்லது 3770 ஆக இருக்கும். முதலாவது 2011-ல் வந்தது, இரண்டாவது 2012-ல். ஆபீஸ்களில் உழைத்து ஓய்ந்த சிஸ்டத்திலிருந்து கழற்றி, புது கேபினெட்டுக்குள் குடிவைத்திருப்பார்கள். அந்த 4 ஜிபி கார்டு ஜிடி 730 ரகம். அது 2014-ல் வந்தது, அன்றைக்கே அது கேமிங் கார்டு கிடையாது.

பழசாக இருந்தால் என்ன, ஓடினால் போதாதா? அங்கேதான் சிக்கல். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட்டை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் 8-வது ஜெனரேஷன் முதல்தான் அதிகாரபூர்வ ஆதரவு. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அந்தப் பழைய போர்டுகளில் அது இருக்காது. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டாலும், டிபிஎம் இல்லை என்று வேலரன்ட் கதவைச் சாத்திவிடும். கேம் ஆட வாங்கின பெட்டியில் கேம் ஓடாது!

இத்தனைக்கும் இன்றைக்கு பட்ஜெட் சிப் என்று சொல்லப்படும் ஐ3-12100எஃப்-பிலும் அந்த ஐ7 மாதிரியே 4 கோர், 8 த்ரெட்தான். ஆனால் ஒவ்வொரு கோரின் வேகமும் நன்றாகவே முன்னேறியிருக்கு. அதனால் 'ஐ7-ஆ, ஐ5-ஆ' என்று கேட்காதீங்க. 'எந்த ஜெனரேஷன்?' என்று கேளுங்க.

எழுத்தில் இருக்கு சூட்சுமம்

ப்ராசஸர் பெயரின் கடைசி எழுத்தைக் கவனிங்க. இன்டெல்லில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனியாக கார்டு போடாவிட்டால் திரையில் ஒன்றுமே வராது. 'கார்டை அடுத்த வருஷம் வாங்கிக்கலாம்' என்று நினைப்பவர்கள் எஃப் சிப் பக்கமே போகக் கூடாது. அவர்களுக்கு ரைசன் 5 5600ஜி மாதிரி, உள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் உள்ள சிப் சரியா இருக்கும். செட்டிங்ஸைக் குறைத்து வைத்தால் வேலரன்ட், ஜிடிஏ 5 எல்லாம் ஓடும். ஒரே நிபந்தனை, ரேமை ஒரே 16 ஜிபி குச்சியாக வாங்காமல், இரண்டு 8 ஜிபி-யாக வாங்கணும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் அந்த ரேமைத்தான் தன் மெமரியாகப் பயன்படுத்துது. ஒற்றைக் குச்சி என்றால் பாதை பாதியாகிவிடும், ஃப்ரேமும் சரியும்.

முதலிலேயே கார்டும் வாங்கப் போறீங்க என்றால் 'ஜி' வேண்டாம், வெறும் 5600 போதும். பெயர் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் அதில் எல்3 கேஷ் 32 எம்பி. ஜி-யில் பாதி, 16 எம்பி. கேம்களில் அந்த வித்தியாசம் தெரியும்.

கேமிங் பிசி-யில் பட்ஜெட்டின் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் போகணும். என் கணக்கில், மானிட்டரை விட்டுவிட்டுப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. இங்கேயும் பெயர் விளையாட்டு உண்டு. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கு, 2024-ல் வந்த 6 ஜிபி கார்டும் இருக்கு. மெமரி மட்டும்தான் குறைவு என்று நினைச்சுடாதீங்க. 8 ஜிபி-யில் 2,560 கோர், 6 ஜிபி-யில் 2,304. மெமரிக்குப் போகும் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்கிவிட்டது. ஆர்டிஎக்ஸ் 3060-லும் இதே கதைதான். 12 ஜிபி-யில் 192 பிட், 8 ஜிபி-யில் 128 பிட். கடைக்காரர் '3060 இருக்கு தம்பி' என்றால் 'எத்தனை ஜிபிண்ணே?' என்று கேட்காமல் நகராதீங்க.

செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகக் கண்ணில் பட்டால் உங்க போர்டைப் பார்த்துக்கோங்க. அந்தக் கார்டு போர்டோடு பேசுவது வெறும் 4 லேனில்தான். பிசிஐ 3.0 போர்டில், உதாரணமா ஏ520-ல் போட்டால் வேகம் நன்றாகவே அடி வாங்கும். 1080பி-யில் ஆட ஆர்எக்ஸ் 6600 நியாயமான விலைக்குக் கிடைத்தால், நான் அதைத்தான் எடுப்பேன்.

'ஃப்ரீ எஸ்எம்பிஎஸ்' என்னும் கண்ணி

ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு கடை ஏறி இறங்கி கொட்டேஷன் வாங்கிப் பாருங்க. ப்ராசஸர், கார்டு பெயரெல்லாம் முழுசா இருக்கும். எஸ்எம்பிஎஸ் வரியில் மட்டும் '450 வாட்' என்று மொட்டையாக இருக்கும். இல்லையென்றால் 'கேபினெட்டோட ஃப்ரீ'. மிச்சம் பிடிக்கிற இடம் அதுதான். மொத்த பெட்டிக்கும் கரன்ட் கொடுக்கும் சாமானும் அதுதான். மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போகாது, சில நேரம் போர்டையும் கார்டையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போகும்.

கடையிலேயே சோதிக்க ஒரு எளிய வழி இருக்கு. பக்கவாட்டு ஸ்டிக்கரில் '+12 வோல்ட்' கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்க. அதை 12-ஆல் பெருக்குங்க. 15 ஆம்பியர் என்றால் 180 வாட்தான். மேலே கொட்டை எழுத்தில் 450 என்று போட்டிருந்தாலும் சரி! ப்ராசஸரும் கார்டும் குடிப்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். உருப்படியான 450 வாட் யூனிட்டில் 36 ஆம்பியர் பக்கம் இருக்கும், அதாவது 430 வாட்டுக்கு மேல். ஆர்எக்ஸ் 6600 மட்டுமே 132 வாட் கேட்கும், அதற்கு 450 வாட் எஸ்எம்பிஎஸ் வைக்கச் சொல்வது ஏஎம்டி. '80 ப்ளஸ்' முத்திரை இருந்தால் நல்லதுதான். ஆனால் அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான அளவு மட்டுமே. வாரண்டி எத்தனை வருஷம் என்பதையும் பாருங்க.

ரேம் விஷயத்தில் இப்போது நேரம் சரியில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் விலை எகிறியது. பழைய யூட்யூப் வீடியோவில் சொன்ன பட்ஜெட் இன்றைக்கு ஒத்துவராது. டிடிஆர்4 போர்டு எடுத்தால் டிடிஆர்5 ரேம் அதில் பொருந்தாது என்பதையும் மறந்துடாதீங்க. வீட்டில் பழைய டிடிஆர்4 ரேம் கிடந்தால், அதை நம்பி ஏஎம்4 போர்டு வாங்குவதில் தப்பே இல்லை.

எஸ்எஸ்டி-க்கு ஒரு வரி போதும். எம்.2 வடிவத்தில் இருப்பதெல்லாம் என்விஎம்இ இல்லை. அதே வடிவத்தில் சாட்டா டிரைவும் உண்டு, அதன் வேகம் அதிகபட்சம் நொடிக்கு சுமார் 550 எம்பி-தான்.

பேரம் முடிந்ததும் 'பில் இல்லாம வாங்கினா ஜிஎஸ்டி மிச்சம் தம்பி' என்ற பேச்சு வரும். 18 சதவிகிதம் என்பது ஆசை காட்டும் தொகைதான். ஆனால் ஆறு மாதத்தில் கார்டு செத்துப்போனால், சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் முதலில் கேட்பது அந்தப் பில்லைத்தான். சீரியல் நம்பரோடு பில் வாங்குங்க. 'ட்ரே' ப்ராசஸர் விலை குறைவாக இருக்கும், அதில் கூலர் வராது, வாரண்டியும் கடைக்காரர் கொடுப்பதுதான்.

எல்லாம் மாட்டி ஆன் செய்ததும் மூன்று வேலை பாக்கி இருக்கு. மானிட்டர் கேபிளை போர்டில் இல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் சொருகணும். பயாஸில் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யணும், இல்லையென்றால் 3200 ரேம் அதைவிடக் குறைந்த வேகத்தில்தான் நடக்கும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட்டையும் பாருங்க. 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குக் காசு கொடுத்துவிட்டு, மாதக்கணக்கில் 60-லேயே ஆடிக்கொண்டிருப்பவர்கள் நிறைய பேர் இருக்காங்க!