செப்புக் கோட்டின் வழி

கந்தப்பளைத் தேயிலை மலைகளில் ஒற்றையடிப் பாதைகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கலாம். மின்சுற்றுப் பலகையிலோ, ஒரே தளத்தில் இருவேறு செப்புக் கோடுகள் தொட்டால் சுற்றே கெடும். ஐந்து முனைகளுள் ஒவ்வொன்றையும் மற்ற நான்கோடும் இணைக்க ஒரு தளம் போதாது. இவ்வரம்பின் விதியைப் போலந்துக் கணித அறிஞர் குராட்டவ்ஸ்கி 1930ஆம் ஆண்டில் நிறுவினார்.

1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்து லீ, கணிப்பொறியே வழி தேடும் முறையை வெளியிட்டார். பலகையைக் கட்டங்களாகப் பிரித்து, தொடக்க முனையிலிருந்து எண்களை அலைபோற் பரப்புவர். அலை இலக்கைத் தொட்டதும், எண்களை இறங்குவரிசையில் பின்தொடர்ந்தால் மிகக் குறுகிய வழி கிட்டும். வழி உண்டெனில் இம்முறை தவறாது காணும். ஆயினும் முன் இட்ட கோடு பின்வருவதற்கு அரணாகிவிடும். அப்போது துளைவழியே மறுதளம் செல்லவேண்டும். தளம் பெருகின் செலவும் பெருகும். எதனை முதலில் இடுவது என்பதே இன்றும் வடிவமைப்போரின் அறிவுக்குச் சோதனை.