முன்னாள் படைவீரர் ஆரம்ப மருத்துவத்தில் கிளினிக்கல் பார்மசிஸ்ட்: செஞ்சி வட்டாரம்

கிளினிக்கல் பார்மசிஸ்ட் என்பவர் மருந்தை எடுத்துக் கொடுப்பதோடு நில்லாமல், அந்த மருந்து குறிப்பிட்ட நோயாளிக்குப் பொருந்துகிறதா, பயன் தருகிறதா, தீங்கு செய்கிறதா என்று தொடர்ந்து கவனிக்கும் மருந்தாளுநர் ஆவார். தமிழில் சிகிச்சை மருந்தாளுநர் என்று சொல்லலாம். முன்னாள் படைவீரர்களுக்கான ஆரம்ப மருத்துவத்தில் இப்பணி அமெரிக்காவில் நன்கு வேரூன்றியுள்ளது. இந்தியாவில் இதற்கான படிப்பும் சட்ட அடிப்படையும் உண்டு. ஆனால் முன்னாள் படைவீரர்களுக்கான பாலிகிளினிக்குகளின் பணியிடப் பட்டியலில் மருந்தாளுநர் மட்டுமே இருக்கிறார். கிளினிக்கல் பார்மசிஸ்ட் என்ற தனிப் பதவி இல்லை. விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி போல, பெரிய மருத்துவமனைகளிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் இந்த இடைவெளி தெளிவாகப் புலப்படும்.

செஞ்சியும் படைவீரர் நலமும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள செஞ்சி என்பது ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரதுர்க்கம் என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த கோட்டையால் அறியப்படும் ஊர். 1677இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் இங்கிருந்தபடி முகலாயரின் முற்றுகையை ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்தார்; 1698இல் கோட்டை முகலாயர் வசமானது. 1750இல் பிரெஞ்சுக்காரர்களும் 1761இல் ஆங்கிலேயர்களும் கோட்டையைப் பிடித்தனர். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பின் ஒரு பகுதியாக இது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அத்தொகுப்பில் உள்ள 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றே.

காவல் படை தங்கிய ஊர் என்பதால் படைவீரர் உடல்நலம் இங்கு பழைய கவலை. பிரெஞ்சு, ஆங்கிலப் படைகள் இருந்த காலத்தில் அன்றைய கர்நாடிக் பகுதியிலேயே நோய் மிகுந்த இடம் என்று செஞ்சி பெயரெடுத்தது. அன்று சிப்பாய்களைக் கொன்றது காய்ச்சல். இன்று ஓய்வுபெற்ற படைவீரர்களை வாட்டுவன சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயநோய், மூட்டுவலி, மூச்சிரைப்பு போன்ற நாட்பட்ட நோய்கள். இவற்றுக்கு ஒரு வார மருந்து போதாது. ஆயுள் முழுவதும் நாலைந்து மாத்திரைகளோடு வாழ வேண்டியிருப்பதால் மருந்தாளுநரின் பணியும் விரிகிறது.

முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம்

இ.சி.எச்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டத்துக்கு 2002 டிசம்பரில் ஒன்றிய அரசின் ஒப்புதல் கிடைத்தது. 2003 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஓய்வூதியம் பெறும் வீரர்கள் சிகிச்சைக்கு ராணுவ மருத்துவமனைகளையே பெரிதும் நம்பியிருந்தனர். தமிழ்நாட்டில் அத்தகைய மருத்துவமனைகள் சென்னை, வெலிங்டன் போன்ற சில இடங்களில் மட்டுமே இருந்ததால், கிராமத்துக்குத் திரும்பிய ஹவில்தாருக்கோ நாயக்குக்கோ அவை எட்டாத தொலைவு.

மத்திய அரசு ஊழியர்களின் சுகாதாரத் திட்டத்தை ஒட்டி அமைந்த இ.சி.எச்.எஸ்.இல், ஓய்வூதியம் பெறும் முன்னாள் படைவீரர், அவரைச் சார்ந்தோர், குடும்ப ஓய்வூதியம் பெறும் கைம்பெண்கள் ஆகியோர் ஒருமுறை பங்களிப்புத் தொகை செலுத்தி உறுப்பினர் ஆகின்றனர். 1996க்கு முன் ஓய்வுபெற்றோருக்கும் போர்க் கைம்பெண்களுக்கும் இத்தொகையில் விலக்கு உண்டு. இரண்டாம் உலகப்போர் வீரர்கள், குறுகிய காலப் பணி அதிகாரிகள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு 2019இல் வாய்ப்பு விரிவாக்கப்பட்டது. தொடக்கத்தில் 227 பாலிகிளினிக்குகளுக்கு அனுமதி கிடைத்தது. 2010இல் மேலும் 199 சேர்ந்தன. வெளிநோயாளி சிகிச்சையும் மருந்தும் பாலிகிளினிக்கில் கிடைக்கும். மேல்சிகிச்சைக்கு ராணுவ மருத்துவமனைக்கோ திட்டத்தில் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைக்கோ பரிந்துரைக்கிறார்கள்.

பாலிகிளினிக்கில் பொறுப்பு அதிகாரி, மருத்துவர், பல் மருத்துவர், ஆய்வகப் பணியாளர், செவிலிய உதவியாளர் ஆகியோருடன் மருந்தாளுநரும் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்படுகிறார். மருந்தியல் பட்டமோ பட்டயமோ பெற்று, 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி பதிவு செய்தவராக அவர் இருக்க வேண்டும்.

மருந்து வரும் வழி

பாலிகிளினிக்கின் மருந்துகள் ஆயுதப்படை மருத்துவச் சேமிப்புக் கிடங்குகளிலிருந்து, அது இணைக்கப்பட்ட ராணுவ மருத்துவமனை வழியாக வருகின்றன. அங்கு இருப்பில் இல்லாததை உள்ளூரில் அங்கீகாரம் பெற்ற மருந்துக்கடை வழியாக வாங்கித் தரும் ஏற்பாடும் உண்டு. இதனால் மருந்தாளுநரின் நேரத்தில் பெரும்பகுதி தேவைப்பட்டியல் தயாரிப்பது, காலாவதித் தேதி பார்ப்பது, பதிவேட்டைச் சரிகட்டுவது, வரிசையில் நிற்பவர்களுக்கு மருந்து வழங்குவது ஆகியவற்றிலேயே கழிகிறது. பழைய தலைமுறை வீரர்கள் அவரை இன்னும் ‘கம்பவுண்டர்’ என்று அழைப்பதுண்டு. மருந்தைக் கலக்கிப் புட்டியில் ஊற்றிக் கொடுத்த காலத்துப் பெயர் அது.

செஞ்சிப் பக்கத்து முன்னாள் வீரருக்கு மருந்து வரும் வழி ஒன்றல்ல. பாலிகிளினிக்குகள் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரங்களிலும் படைத்தளங்களுக்கு அருகிலும் இருப்பதால், அங்கே போய் வருவதற்கே ஒரு நாள் ஆகிவிடும். இடையில் மருந்து தீர்ந்தால் செஞ்சி அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வாங்குவார். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வரும். அவசரமென்றால் கடைத்தெரு மருந்துக்கடை. முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ காட்டியிருந்தால் அங்கு எழுதிய சீட்டு தனி.

ஒவ்வோர் இடமும் தன் பங்குக்குச் சரியாகவே கொடுத்திருக்கும். ஆனால் எல்லா மாத்திரைகளும் ஒரே பையில் சேரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அரசு வழங்கல்களில் மருந்தின் மூலப்பெயர் அச்சாகியிருக்கும். கடையில் வாங்கியதில் நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருக்கும். இரண்டும் அம்லோடிபின்தான் என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கி, கால் வீக்கத்தோடும் தலைச்சுற்றலோடும் வருவது இத்துறையில் அடிக்கடி காணப்படும் பிழை. அந்தப் பையை மேசையில் கொட்டி முழுவதுமாகப் பார்ப்பதே கிளினிக்கல் பார்மசிஸ்டின் முதல் வேலை.

பணிகள்

*மருந்துப் பட்டியலை ஒப்பிடுதல்.* நோயாளி உண்மையில் உட்கொள்ளும் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே தாளில் எழுதி, எழுதிக் கொடுத்த சீட்டுகளோடு ஒப்பிடுவது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரத்தில் இது மிகவும் தேவை. நிறுத்தச் சொன்ன மாத்திரை பழைய அட்டையில் மீதமிருந்தால் அது தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

*மருந்துகளின் மோதலைக் கண்டறிதல்.* முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கும் டைக்குளோபெனாக், ரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்டன், சிறுநீர்ப் பெருக்கி மாத்திரை ஆகிய மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படலாம். ஆண்டுக்கணக்கில் சுமையோடு நடந்து மூட்டுத் தேய்ந்தவர்களுக்கு வலி மாத்திரை பழக்கமாகிவிடுவதால் இக்கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும். புரோஸ்டேட் வீக்கம் உள்ள முதியவர் சாதாரணச் சளி மாத்திரை போட்டுக்கொண்டு சிறுநீர் அடைபட்டு வருவதும் உண்டு. இருமலுக்காக நெடுநாள் மெல்லும் அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும்.

*அளவைச் சரிபார்த்தல்.* சிறுநீரகச் செயல்பாடு குறையக் குறைய மெட்ஃபார்மின் அளவைக் குறைக்க வேண்டும். மிகவும் தாழ்ந்தால் நிறுத்த வேண்டும். வார்ஃபரின் எடுப்பவரின் ரத்த உறைவுச் சோதனையைப் பார்த்து அளவு மாற்றச் சொல்வதும் இதில் அடங்கும். முடிவு மருத்துவருடையது, கணக்கை முன்வைப்பவர் மருந்தாளுநர்.

*பயன்படுத்தும் முறையைக் கற்பித்தல்.* மூச்சிரைப்புக்குக் கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய ரோட்டாகேப் கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். வெயில் கடுமையான செஞ்சியில், குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் வைப்பது நடைமுறைக்கு ஏற்ற வழி. பெட்டி உள்ள வீட்டில் அதை உறைபனி அறைக்குள் வைக்கக்கூடாது; உறைந்த இன்சுலின் பயன்படாது.

*பாதகங்களைப் பதிவு செய்தல்.* மருந்தால் விளையும் தீங்குகளைத் தொகுக்கும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010இல் தொடங்கியது. 2011 முதல் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துநூல் ஆணையம் அதை நடத்துகிறது. ரத்த அழுத்தத்துக்கான ஏ.சி.இ. வகை மாத்திரையால் வரும் வறட்டு இருமலைக் காசமென்றோ சளியென்றோ எண்ணி அலைபவரை அடையாளம் காண்பதும் இப்பணியில் சேரும்.

வட்டாரச் சூழல்

மருந்து ஆலோசனை ஊர் வழக்கம் அறிந்து அமைய வேண்டும். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் அமாவாசை ஊஞ்சல் இரவில் நடப்பது. திருவண்ணாமலை கிரிவலம் பௌர்ணமிக்கு. இந்நாட்களில் விரதமிருந்து நெடுந்தூரம் நடப்பவர் சர்க்கரைக்கான வழக்கமான கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கக்கூடும். ரமலான் நோன்பிருப்போருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எந்த மாத்திரையை அன்று தவிர்க்கலாம், எதைத் தவிர்க்கக்கூடாது என்பதை மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே எழுதித் தருவது, விரதமே வேண்டாம் என்று சொல்வதைவிடப் பலனளிக்கும்.

ராணுவக் கேன்டீனில் கிடைக்கும் மது ஒதுக்கீடும் கேட்கப்பட வேண்டிய செய்தியே. வெறும் வயிற்றில் மதுவும் சர்க்கரை மாத்திரையும் சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தாகத் தாழும். தடுமாற்றத்தைப் பார்ப்பவர்கள் போதை என்று விட்டுவிடுவார்கள். பீரங்கிப் படையில் இருந்தவர்களுக்குக் காது மந்தமாக இருப்பது இயல்பு. சன்னல் வழியே சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எதிரே உட்காரவைத்துச் சொல்லி, திரும்பச் சொல்லக் கேட்டு, 1-0-1 என்று காலை, மதியம், இரவைப் பெரிய எழுத்தில் எழுதித் தருவதே வழி. மாத்திரைப் பெட்டியைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் மனைவியோ மருமகளோ என்பதால் அவர்களிடமும் சொல்ல வேண்டும்.

கல்வியும் சட்டமும்

இந்தியாவில் கிளினிக்கல் பார்மசி தனிப்படிப்பாக வளர்ந்ததில் ஊட்டி, மைசூரு ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரிகளுக்கு முன்னோடி இடமுண்டு. 1990களின் பிற்பகுதியில் மருந்தியல் நடைமுறையில் முதுநிலைப் படிப்பு அங்கு தொடங்கியது. 2008இல் இந்திய பார்மசி கவுன்சில் ஆறாண்டு ஃபார்ம்.டி. படிப்பைக் கொண்டுவந்தது, அதன் கடைசி ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. 2015இல் வெளியான பார்மசி நடைமுறை ஒழுங்குவிதிகள், நோயாளிக்கு ஆலோசனை சொல்வதையும் மருந்துச் சீட்டைப் பரிசீலிப்பதையும் பதிவுபெற்ற மருந்தாளுநரின் கடமைகளாக வகுத்தன. ஆனால் மருந்து எழுதிக்கொடுக்கும் உரிமை இந்திய மருந்தாளுநருக்கு இல்லை.

அமெரிக்க முன்மாதிரி

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறையின் மருத்துவமனைகளில் மருந்தாளுநர்கள் 1990களிலிருந்தே, வரையறுத்த அதிகாரத்துக்குள், மருந்து தொடங்கவும் அளவு மாற்றவும் நிறுத்தவும் செய்கின்றனர். 2010இல் அங்கு ஆரம்ப மருத்துவம் குழு முறைக்கு மாறியது. மருத்துவர், செவிலியர், உதவியாளர், எழுத்தர் கொண்ட ஒவ்வொரு சிறு குழுவும் ஏறத்தாழ 1,200 பேரைக் கவனிக்கும். மூன்று குழுக்களுக்கு ஒரு கிளினிக்கல் பார்மசிஸ்ட் என்பது வழிகாட்டு அளவு. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, ரத்த உறைவுத் தடுப்பு ஆகியவற்றின் தொடர் கவனிப்பு அவரிடம் வருகிறது. நேரிலோ தொலைபேசியிலோ காணொளியிலோ அவர் நோயாளியோடு பேசுகிறார். மருந்து எண்ணிக் கொடுக்கும் வேலையோ பெருமளவு தானியங்கி மையங்களுக்கும் அஞ்சலுக்கும் போய்விட்டது. எண்ணும் வேலை கையைவிட்டுப் போனதால்தான் கவனிக்கும் வேலைக்கு அவருக்கு நேரம் கிடைத்தது.

வரம்புகளும் வாய்ப்புகளும்

இந்தியப் பாலிகிளினிக்கில் எண்ணிக் கொடுக்கும் வேலையும் கவனிக்கும் வேலையும் ஒரே ஆளிடம், ஒரே சன்னலில் இருக்கின்றன. ஒப்பந்தப் பணி என்பதால் ஆள் மாறிக்கொண்டே இருக்கலாம். நாட்பட்ட நோயாளியை ஆண்டுக்கணக்கில் அறிந்த ஒருவர் இருப்பது அரிது. பாலிகிளினிக், அரசு மருத்துவமனை, வீடு தேடி வரும் திட்டம், தனியார் கடை ஆகிய நான்கின் பதிவேடுகளும் நோயாளியின் மருந்துப் பட்டியலை ஒரே இடத்தில் காட்டுவதில்லை.

புதிய பதவிக்குக் காத்திராமல், இருக்கும் மருந்தாளுநரைக் கொண்டே செய்யக்கூடியவை சில உண்டு. ஐந்துக்கு மேல் மாத்திரை எடுப்போருக்கு வாரத்தில் ஒரு பிற்பகல் ஒதுக்கலாம். வரும்போது வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் பையோடு கொண்டுவரச் சொல்லலாம். மருந்தின் மூலப்பெயரைத் தமிழில் எழுதிய அட்டை ஒன்றை ஒவ்வொருவருக்கும் கொடுக்கலாம். செஞ்சிக் கடைக்காரரிடமும் அரசு மருத்துவமனையிலும் அந்த அட்டையை நீட்டினால், எழுதுபவருக்கும் கொடுப்பவருக்கும் ஏற்கெனவே உள்ளே போய்க்கொண்டிருப்பது என்ன என்று தெரியும்.