பல்வகைமை ஆய்வெழுத்து: கொல்லிமலையை முன்வைத்து

ஒரு பொருளைப் பற்றித் திரட்டிய செய்திகளை ஒரே நீண்ட கட்டுரையாக எழுதாமல், கவிதை, கடிதம், நாட்குறிப்பு, செய்தித்துணுக்கு, உரையாடல், பட்டியல், படம் எனப் பல வகைமைகளில் எழுதி ஒரு தொகுப்பாகக் கோக்கும் முறை பல்வகைமை ஆய்வெழுத்து. ஒவ்வொரு துண்டும் தனித்து நின்று பொருள் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் ஊடே ஒரு சரடு ஓட வேண்டும். கற்பனைக்கு இடம் உண்டு, ஆனால் ஆய்வில் கிடைத்ததை விட்டு அது விலகக் கூடாது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை இம்முறைக்கு ஏற்ற களம். ஈராயிரம் ஆண்டுகளாகப் புலவரும் கல்தச்சரும் கவிராயரும் ஆங்கிலேய அதிகாரியும் பாதிரியாரும் நாவலாசிரியரும் மானிடவியலாளரும் இம்மலையைப் பற்றித் தத்தம் வகைமையில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் எழுத்தில் வருவது இன்னொருவர் எழுத்தில் அநேகமாக வருவதில்லை.

முறை பிறந்த கதை

இம்முறைக்குப் பெயரிட்டுப் பள்ளி, கல்லூரி வகுப்பறைகளில் பரப்பியவர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஆசிரியர் டாம் ரொமானோ. 1995-இல் வெளிவந்த ‘ரைட்டிங் வித் பேஷன்’, 2000-இல் வந்த ‘பிளெண்டிங் ஜானர், ஆல்டரிங் ஸ்டைல்’ என்னும் இரு நூல்களில் அவர் இதை விரிவாக விளக்கினார். அவருக்குத் தூண்டுதலாக இருந்த நூலை எழுதியவர் கொழும்பில் பிறந்தவர் என்பது நமக்குச் சுவையான செய்தி. 1943-இல் பிறந்து பின்னர் கனடாவில் குடியேறிய மைக்கேல் ஒண்டாச்சி, 1970-இல் ‘பில்லி த கிட்’ என்ற அமெரிக்கக் கொள்ளைக்காரனைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கவிதை, உரைநடை, புகைப்படம், பேட்டி என்று துண்டு துண்டாக நகரும் அந்நூலின் தொடக்கத்தில் படத்துக்குரிய சட்டம் ஒன்று இருக்கிறது. கீழே விளக்கக் குறிப்பும் உண்டு. சட்டத்துக்குள் படம் இல்லை. ஒரு மனிதனை எந்த ஓர் ஆவணமும் முழுக்கக் காட்டாது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஒண்டாச்சி 1982-இல் தம் இலங்கைக் குடும்பத்தைப் பற்றி எழுதிய ‘ரன்னிங் இன் த ஃபேமிலி’யும் இவ்வாறு கவிதையும் நினைவும் கேள்விப்பட்ட கதையும் கலந்தது. அவருக்கு முன்பே, 1930களில், ஜான் டாஸ் பாஸஸ் தம் ‘யு.எஸ்.ஏ.’ முந்நாவலில் செய்தித்தாள் தலைப்புகளையும் வாழ்க்கைக் குறிப்புகளையும் கதைக்கு இடையே செருகியிருந்தார்.

தமிழில் வகைமைக் கலப்பு இன்னும் பழையது. சிலப்பதிகாரத்தில் கானல்வரி, வேட்டுவ வரி, ஆய்ச்சியர் குரவை, குன்றக் குரவை என ஒவ்வொரு நிலத்து மக்களின் பாட்டும் அதனதன் உருவத்திலேயே இடம்பெறுகிறது. கடைசியில் அம்மானை, பந்து, ஊசல், வள்ளைப் பாட்டுகளும் வந்துவிடுகின்றன. இடையிடையே உரைநடையும் உண்டு. வேங்கை மரத்தடியில் ஒரு பெண்ணைக் கண்ட மலைக்குறவர் வந்து சொன்ன செய்தியிலிருந்தே காப்பியம் பிறந்ததாகப் பதிகம் சொல்கிறது. இன்றைய ஆய்வாளர் இதை வாய்மொழிச் சான்று என்பார்.

ஓரியும் பாவையும்

கொல்லிமலையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் எழுத்து சங்கப் பாடல். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி இம்மலைக்குத் தலைவன். வன்பரணர் பாடிய புறநானூற்றின் 152-ஆம் பாடலைச் செய்யுளில் அமைந்த ஒரு நேரடி அறிக்கையாகவே படிக்கலாம். பாணர் கூட்டம் காட்டு வழியில் ஒரு வேட்டைக்காரனைக் காண்கிறது. அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் காட்டுப்பன்றியையும் துளைத்து, புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. மார்பில் ஆரத்தோடு நிற்கும் இவன் வெறும் வேடனாக இருக்க முடியாது என்று பாணர் வியந்து பாடத் தொடங்குகிறார்கள். அரசன் பெயர் வரும் இடத்தில் எதிரே நிற்பவன் நாணுகிறான். அவனே ஓரி. கையில் இருந்த இறைச்சியையும் தேனையும் மலைப்பொன்னையும் கொடுத்து அனுப்புகிறான். அம்பின் பாய்ச்சல் மிகையாகவே இருக்கட்டும்; அந்த நாணம் மிகை அன்று என்று தோன்றுகிறது.

இந்தப் பாட்டில் இல்லாத செய்தி இன்னொரு வகைமையில் கிடக்கிறது. முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான் என்பதை அகநானூற்றின் 209-ஆம் பாடலில் கல்லாடனார் சொல்கிறார். அது ஒரு காதல் பாட்டு. அரசியல் கொலை ஒன்று பிரிவாற்றாமைக்கு நடுவே உவமைப் பகுதியில் வந்து போகிறது. கொல்லியின் அரசியல் வரலாற்றை எழுத வருபவர் அகப்பாட்டைத் தள்ளிவிட்டால் இந்தச் செய்தியே கைக்கு வராது. பின்னர் கொல்லி சேரரின் அடையாளம் ஆயிற்று. கரூர்ப் பகுதியில் கிடைத்த பழஞ்சேரர் காசுகளில் ‘கொல்லிப்புறை’ என்ற பெயர் பொறித்தவை உண்டு. குலசேகர ஆழ்வார் தம்மைக் கொல்லிக்குக் காவலன் என்று பாசுரத்தில் குறித்துக்கொள்கிறார்.

கொல்லிப்பாவையின் கதை வேறு. நற்றிணை, குறுந்தொகைப் பாடல்களில் அது தெய்வம் அமைத்த உருவம். தலைவியின் அழகுக்கு உவமை. நற்றிணையின் 201-ஆம் பாடலில், காற்று மோதினாலும் மழை கொட்டினாலும் இடி விழுந்தாலும் நிலமே நடுங்கினாலும் தன் எழில் கெடாத பாவையாகப் பரணர் அதைக் காட்டுகிறார். தன்னை நெருங்கும் பகைவரைச் சிரித்து மயக்கிக் கொல்லும் பாவை என்று மக்களிடையே கதை வளர்ந்தது. இன்று மலையில் எட்டுக்கை அம்மன் கோயிலில் இருப்பவளே கொல்லிப்பாவை என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. 1970களில் ராஜமார்த்தாண்டன் நாகர்கோவிலிலிருந்து நடத்திய சிற்றிதழுக்கும் இதே பெயர்தான். உவமையாக இருந்தவள் கதையாகி, அம்மனாகி, இலக்கியப் பத்திரிகையின் அட்டைக்கும் வந்து சேர்ந்தாள்.

கோயிலும் சதகமும்

‘நாடு’ எனப்படும் மலையின் உட்பிரிவுகளுள் ஒன்றான வளப்பூர் நாட்டில் ஐயாற்றின் ஆகாய கங்கை அருவிக்கு அருகே உள்ள அறப்பளீசுவரர் கோயில், தேவாரத்தில் பெயர் மட்டும் குறிக்கப்படும் வைப்புத் தலங்களுள் ஒன்று. அங்கே அதன் பெயர் அறப்பள்ளி. சோழர் காலக் கல்வெட்டுகளும் அங்கு உண்டு. கல்வெட்டுக்குத் தானம் கொடுத்தவர், கொடுத்த பொருள், அது தொடர்ந்து நடக்க வேண்டிய ஏற்பாடு ஆகியவைதாம் முக்கியம். மலையின் மழையும் மக்களின் நடையும் அதன் வேலை அல்ல.

18-ஆம் நூற்றாண்டில் அம்பலவாணக் கவிராயர் இக்கோயில் இறைவனை முன்னிலைப்படுத்தி ‘அறப்பளீசுர சதகம்’ பாடினார். இராம நாடகக் கீர்த்தனை பாடிய சீர்காழி அருணாசலக் கவிராயரின் மகன் இவர் என்பார்கள். நூறு பாட்டிலும் சதுரகிரி என்ற பெயரில் இம்மலை வந்தாலும், பேசுவதெல்லாம் நல்ல மனைவி, நல்ல மாணவன், எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் நாள், சகுனம் என்று சமவெளிக் குடும்பத்தின் ஒழுங்கு. கொல்லிமலையை அதிகம் தடவை கூப்பிட்டும் கொல்லிமலையைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்லும் நூல் இதுவாகத்தான் இருக்கும். ஆனாலும் ஆய்வாளர் இதை ஒதுக்கக் கூடாது. அடிவாரத்து வசதி படைத்தோர் அந்த மலைத் தெய்வத்தின் முன் எதைக் கேட்க விரும்பினார்கள் என்பதற்கு இது நல்ல சான்று.

கையேடு, கெசட்டியர், கடிதம்

ஆங்கிலேய ஆட்சி கொண்டுவந்த வகைமை மாவட்டக் கையேடு. லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு 1883-இல் வந்தது. ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெசட்டியர் 1918-இல். இடையே 1909-இல் எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரி துணையுடன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலில் மலையாளிகள் என்ற பழங்குடியினருக்குத் தனிப் பதிவு இருக்கிறது. கேரள மக்களுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து கரிராமன் என்ற தெய்வத்தைச் சுமந்துகொண்டு புறப்பட்ட வேளாளர் வழியினர் தாங்கள் என்று இவர்கள் சொல்லும் கதையையும், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் ஆகிய அண்ணன் தம்பிகள் வெவ்வேறு மலைகளுக்குப் பிரிந்த கதையையும் தர்ஸ்டன் பதிந்திருக்கிறார். மலைமேல் உட்கார்ந்து சொல்லிய கதை ஆங்கில நூலின் பத்தியானபோது அதைச் சொன்னவர் பெயர் விழுந்துபோயிற்று.

இந்த நூல்களின் காலவரிசையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் அச்சிட்டது 1894-இல். நற்றிணையைப் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் அச்சிட்டது 1915-இல். லெ ஃபானுவின் கையேடு வந்த ஆண்டில் ஓரியின் பாட்டுகள் ஏட்டுச்சுவடியிலேயே இருந்தன. கொல்லிமலை அச்சில் முதலில் உயரமும் வரியும் பயிரும் காய்ச்சலும் கொண்ட நிர்வாகப் பகுதியாக நிலைபெற்றது. வள்ளலின் மலையாக அது பின்னர்தான் வாசகர் கைக்கு வந்தது. இன்று மலைமேல் செம்மேட்டில் ஓரி சிலை நிற்பதும், ஆடி மாதத்தில் அரசு வல்வில் ஓரி விழா எடுத்து வில்வித்தைப் போட்டி நடத்துவதும் அந்தச் சுவடிப் பதிப்புகளின் தொலைவான விளைவு.

காய்ச்சல் என்று கெசட்டியரில் ஒரு சொல்லாக நிற்பதைக் கடிதம் வேறு விதமாகக் காட்டும். ஆங்கிலேய மிஷனரிகளான ஜெசி பிராண்டும் அவர் மனைவி எவலினும் 1913-இல் மணம் முடித்து மலைமேல் வாழவந்தியில் குடியேறினார்கள். ஜெசி வைத்தியமும் பார்த்தார்; நரம்புச் சிலந்திப் புழுவை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றிப் பொறுமையாக வெளியே இழுத்தெடுத்ததை அவர் மகன் பால் பிராண்ட் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1914-இல் பிறந்த பால், ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அப்பாவின் கடிதங்கள் கப்பலில் போயின. மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் ஜெசி 1929-இல் இறந்தபோது செய்தியைத் தந்தி முதலில் கொண்டுபோனது. அவர் உயிரோடு இருக்கையில் எழுதிய கடிதம் அதற்குப் பிறகு மகன் கைக்குக் கிடைத்தது. தந்தியும் கடிதமும் ஒரே மரணத்தைப் பற்றி எதிர் வரிசையில் பேசும் இந்த இடத்தை, கட்டுரையில் ஒரு வாக்கியத்தில் சொல்லிக் கடப்பதைவிட, இரண்டு ஆவணங்களாகவே வாசகர் முன் வைப்பது பொருத்தம். பால் பிராண்ட் பின்னர் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளரின் விரல்களைச் சீராக்கும் அறுவை சிகிச்சைக்காக உலகப்புகழ் பெற்றார். மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெற்ற எவலின் மலைக்கே திரும்பி வந்து 1974-இல் மறையும்வரை ஊழியத்தை விடவில்லை. டோரதி கிளார்க் வில்சன் பால், எவலின் இருவரைப் பற்றியும் வாழ்க்கை வரலாறுகள் எழுதினார். அவற்றில் மலைமக்கள் பெரும்பாலும் நோயாளிகளாகவோ, மதம் மாறியவர்களாகவோ, மாற மறுத்தவர்களாகவோ வருகிறார்கள். அந்த வகைமையின் பார்வை அவ்வளவுதான்.

நாவலும் சாமையும்

நாமக்கல் வட்டாரத்தவரான கு. சின்னப்ப பாரதி ‘சங்கம்’ நாவலில் கொல்லிமலைப் பழங்குடியினரைக் கடன், வியாபாரியின் விலை, அதிகாரியின் கெடுபிடி ஆகியவற்றை எதிர்த்துத் திரளும் மக்களாக எழுதினார். ஓரிக்குக் கொடுக்கத்தான் தெரியும் என்ற பழைய சித்திரத்துக்குப் பக்கத்தில், விளைச்சலை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துத் தீர வேண்டிய குடியானவரை இந்த நாவல் நிறுத்துகிறது. அவர் இயக்கக்காரர், அந்தச் சாய்வு நாவலில் ஒளியாமல் தெரியும்.

அடுத்து வந்தது அறிவியல் அறிக்கை. 20-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு விளைந்த காடுகளில் மரவள்ளி ஏறியது. கிழங்கு லாரியில் சேலத்துப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானிய விதைகளை ஊர்களிலேயே காக்கவும், உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவரவும் இங்கு நெடுங்காலம் பணிசெய்தது. இயந்திரம் சின்ன விஷயம் போலத் தோன்றும். உரலில் சாமை குத்துவது பெண்களின் கையை ஒடிக்கும் வேலை. அது தெரியாமல் சாமையின் சத்தை மட்டும் பேசுகிறவர் பேச்சு அங்கே எடுபடாது. கனடிய மானிடவியலாளர் எலிசபெத் ஃபின்னிஸ் 2006, 2007 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளில், உழவர்கள் ஏன் பணப்பயிருக்கு மாறினார்கள் என்பதை அவர்களுடைய கணக்கிலிருந்தே விளக்க முயன்றார்.

தொகுப்பாக்கும்போது

மேற்சொன்னவற்றைக் கொண்டு கொல்லிமலை பற்றிப் பல்வகைமைத் தொகுப்பு ஒன்றை ஆக்குபவர் இரண்டு வேலைகளைப் பிரித்துச் செய்ய வேண்டும். கிடைத்த ஆவணங்களைத் தேர்வது ஒன்று. கிடைக்காத குரல்களுக்குத் தாமே எழுதுவது இன்னொன்று. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பேருந்தில் இரு பெண்களின் உரையாடல், மரவள்ளி வியாபாரியின் பற்று வரவு ஏட்டில் ஒரு பக்கம், ஊர்க்கவுண்டர் முன் நடந்த வழக்கு ஆகியவற்றை எழுதலாம். ஒவ்வொன்றும் எந்த ஆவணத்தையோ நேர்காணலையோ ஒட்டி எழுதப்பட்டது, எந்த வரி கற்பனை என்பதைப் பின்குறிப்பில் காட்ட வேண்டும். ரொமானோவின் மாணவர்களிடமும் இந்தக் குறிப்பு கேட்கப்படும். மலைமக்கள் பெயரால் எழுதும்போது இது இருமடங்கு அவசியம், ஏனெனில் அவர்களுக்காகப் பிறர் பேசிய நூல்கள் ஏற்கெனவே அலமாரி நிறைய இருக்கின்றன.

வளப்பூர், அரியூர், தேவனூர், சேலூர், குண்டூர் முதலிய நாடுகளில் காஞ்சிபுரத்துக் கதையைச் சொல்பவர்களை இன்று தேடிப்போய்க் கேட்கலாம். நாட்டுக்கு நாடு கதை மாறக்கூடும். கெசட்டியர் எழுதுபவர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை விட்டுவிட நேரும். பல்வகைமைத் தொகுப்பில் அவற்றைச் சொன்னவர் சொன்ன பேச்சிலேயே, தர்ஸ்டனின் ஆங்கிலப் பத்திக்கு எதிர்ப்பக்கத்தில் வரிசையாக அச்சிடலாம்.